ஆள் பிடிப்பதா, அழைப்பதா?

பங்குகளில் பக்த சபைகளின் ஆண்டறிக்கை வாசிக்கப்படும் வேளையில் தவறாமல் ஒலிக்கும் வாக்கியம் ஒன்று உண்டு. “வரும் ஆண்டில் ஒவ்வொரு உறுப்பினரும் குறைந்தது ஒரு புதியவரையேனும் சபைக்குக் கொண்டுவர வேண்டும்” என்பதே அது. தலைவர் வாசிப்பார், செயலர் குறித்துக்கொள்வார், கூடியிருப்போர் கைதட்டுவர். அடுத்த ஆண்டும் அதே வாக்கியம், அதே கைதட்டல். இடைப்பட்ட பன்னிரண்டு மாதங்களில் யாரை அழைப்பது, எதற்கென்று அழைப்பது, எப்படி அழைப்பது, வந்தவரை என்ன செய்வது என்னும் நான்கு கேள்விகளை எவரும் எழுப்பியிருக்க மாட்டார்.

நாம் இங்கே வாதிட விரும்புவது இதுதான்: அழைக்கக் கற்றுக்கொடுக்காமல் உறுப்பினரை அழைப்புக்கு அனுப்புவது தவறு. அது அனுப்பப்படுகிறவருக்கும் தீங்கு, வரவழைக்கப்படுகிறவருக்கும் தீங்கு. சபைகள் மெலிந்துவருவதற்குத் தொலைக்காட்சியைப் பழிக்கிறோம், கைப்பேசியைப் பழிக்கிறோம், இளைஞரின் பக்திக் குறைவைப் பழிக்கிறோம். சபையின் வாசலில் நின்று வரவேற்க வேண்டியவருக்கு வாய்திறக்கத் தெரியாமல் இருப்பதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். பிற சமயத்தாரைப் பற்றிய பேச்சன்று இது. ஒரே திருமுழுக்கைப் பெற்று, ஒரே பலிபீடத்தைச் சுற்றி நிற்கும் மக்களை, பங்கின் பொதுப்பணிக்கு அழைப்பதைப் பற்றியே பேசுகிறோம். வின்சென்ட் தே பவுல் சபை, மரியாயின் சேனை, இளைஞர் இயக்கம், அன்பியம் ஆகிய அனைத்திற்கும் இது பொருந்தும்.

இன்றைய வழக்கம்

இன்று ஆள் சேர்ப்பு எவ்வாறு நடக்கிறது? முதல் வழி, திருப்பலி முடிவில் ஓர் அறிவிப்பு. “சபையில் சேர விரும்புவோர் செயலரிடம் பெயர் கொடுக்கலாம்.” காற்றில் விடப்பட்ட இந்த அழைப்பு எவர் மடியிலும் விழுவதில்லை. எல்லாருக்கும் சொல்லப்பட்டது எவருக்கும் சொல்லப்படவில்லை என்பது நம் மக்களுக்குத் தெரியும். கலியாணத்துக்குப் பத்திரிகையை அஞ்சலில் அனுப்பினால் வருத்தப்படுகிற மண் இது. வாசற்படி ஏறி, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் அழைப்பு.

இரண்டாம் வழி, தாட்சணியம். “சும்மா பேரு மட்டும் குடுங்கக்கா, வரணும்னு கட்டாயம் இல்லே” என்று சொல்லிப் பெயரை எழுதிக்கொள்வது. இது ஒரு பொய்யில் தொடங்கும் உறவு. கட்டாயம் இல்லை என்று சொல்லிச் சேர்த்தவரிடம் மூன்றாம் வாரமே “ஏன் வரவில்லை?” என்று கேட்கிறோம். அவர் சங்கடப்படுகிறார்; பின்னர் நம்மைக் கண்டால் தெரு மாறிப் போகிறார். ஓர் உறுப்பினர் கிடைக்கவில்லை. ஓர் அறிமுகமும் போயிற்று.

மூன்றாம் வழி, ஆசை காட்டுதல். சபையில் சேர்ந்தால் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைக்கும், சாமியாரிடம் செல்வாக்கு இருக்கும், கடைசிக் காலத்தில் அடக்கச் செலவுக்கு உதவி வரும் என்று குறிப்பாகச் சொல்வது. இப்படி வந்தவர், கிடைத்தவுடன் போவார்; கிடைக்காவிட்டால் ஏசிக்கொண்டு போவார். இரண்டிலும் அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. நாம் காட்டிய தூண்டிலைத்தான் அவர் கடித்தார்.

இம்மூன்றுக்கும் ஆள் பிடித்தல் என்று பெயர். எண்ணிக்கைக்காகப் பிடிக்கப்படுகிற மனிதர் எண்ணாகவே நடத்தப்படுவார். அழைப்போ ஒரு பெயரைச் சொல்லி விளிக்கிறது. நற்செய்தியில் அந்திரேயா தேடிச் சென்றது ஒரு கூட்டத்தை அன்று. தன் சகோதரன் சீமோனை. பிலிப்பு போய்ச் சொன்னது நத்தனியேல் என்னும் ஒருவரிடம். நத்தனியேல் நாசரேத்தூரைப் பற்றி ஏளனமாகக் கேட்டபோது பிலிப்பு சண்டைக்கு நிற்கவில்லை. விளக்கவுரை ஆற்றவும் இல்லை. நேரில் வந்து பார்க்கும்படி சொல்லிக் கூட்டிச் சென்றார். அழைப்பின் இலக்கணம் முழுவதும் அங்கே இருக்கிறது.

பயிற்சி எதற்கு என்போர்க்கு

“பிலிப்பு எந்தப் பயிற்சி முகாமுக்குப் போனார்?” என்று சிலர் கேட்பர். ஆர்வம் போதும், மீதியைத் தூய ஆவியார் பார்த்துக்கொள்வார் என்பர். பக்திமிக்க இந்த மறுமொழி சோம்பலுக்குப் போர்த்திய பட்டாடை. இயேசு தம் சீடரை ஊர்களுக்கு அனுப்புமுன் தம்மோடு வைத்திருந்தார். அனுப்பியபோது இருவர் இருவராக அனுப்பினார். எதை எடுத்துச் செல்லக் கூடாது, வீட்டினுள் நுழைந்ததும் என்ன சொல்ல வேண்டும், ஏற்காத ஊரில் என்ன செய்ய வேண்டும் என்பதுவரை சொல்லி அனுப்பினார். திரும்பி வந்தபின் நடந்ததைக் கேட்டறிந்தார். இதற்குப் பயிற்சி என்று பெயரிடாமல் வேறென்ன பெயரிடுவது?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றிய ஏட்டை வெளியிட்டபோது, அதன் ஆறாம் இயலை முழுவதும் பயிற்சிக்கே ஒதுக்கியது. பணியின் அடிப்படை, இலக்கு, களம், வகை என்று சொல்லிவந்த சங்கத் தந்தையர், இறுதியில் இப்பணிக்கு மனிதரை உருவாக்காமல் பயனில்லை என்பதை உணர்த்தினர். அந்த இயலை நம் சபைக் கூட்டங்களில் எத்தனை முறை படித்திருக்கிறோம்?

மறைநூலும் சங்க ஏடும் போதாதென்றால், நம் சபைகளின் வரலாற்றையே பார்ப்போம். 1833 ஏப்ரல் 23 அன்று பாரிஸ் நகரில் ஒரு சில கல்லூரி மாணவர் கூடிய கூட்டத்திலிருந்து பிறந்தது வின்சென்ட் தே பவுல் சபை. அவர்களுள் ஒருவரான அருளாளர் பிரெடரிக் ஓசானாமுக்கு அன்றுதான் இருபது வயது நிறைந்தது. திருச்சபை பழங்காலத்தில் நன்மை செய்தது சரி, இன்று நீங்கள் செய்வது என்ன என்று சகமாணவர் விடுத்த அறைகூவலே அவர்களைக் கூட்டியது. அவர்கள் உடனே உறுப்பினர் படிவம் அச்சடிக்கவில்லை. ஏழைகளின் வீடுகளுக்கு எப்படிப் போவது என்றே தங்களுக்குத் தெரியாது என்பதை அறிந்திருந்தார்கள். ஆகவே பாரிசின் வறிய முப்தார் பகுதியில் நெடுங்காலம் பணிசெய்துவந்த அருள்சகோதரி ரோசலி ரந்துவிடம் போனார்கள். எந்த வீட்டுக்குப் போவது, அங்கே எப்படிப் பேசுவது என்று அவர் கற்றுக்கொடுத்தார். பல்கலைக்கழக மாணவர், சேரியில் தொண்டாற்றிய ஒரு கன்னியர்முன் மாணவரானார்கள். அதன்பிறகே சபை வளர்ந்தது.

இன்னொன்றும் அந்த வரலாற்றில் உண்டு. தொடக்கத்தில் புதியவரைச் சேர்க்கலாமா என்றே அவர்களிடையே தயக்கம் எழுந்தது. தங்கள் நட்பின் நெருக்கம் குலைந்துவிடும் என்று சிலர் அஞ்சினர். ஓராண்டுக்குச் சற்று மேல் கடந்ததும் உறுப்பினர் தொகை ஏறத்தாழ நூறானது. அப்போது சபையைப் பிரிக்கலாமா என்ற வாதம் சூடேறியது. 1835இன் தொடக்கத்தில் பிரித்தார்கள். சிறிய வட்டத்தின் இனிமையைக் கட்டிக்கொண்டு அவர்கள் இருந்திருப்பார்களேயானால், அச்சபை அந்த மாணவரின் படிப்பு முடிந்ததும் முடிந்திருக்கும். நம் ஊர்களுக்கு வந்திராது. இன்று பல சபைகளில், “நாங்க பத்துப் பேரு ஒத்துமையா இருக்கோம், புதுசா வந்தா குழப்பம்தான்” என்று சொல்வோர் இதைச் சிந்திக்க வேண்டும். சிறுத்துக் கிடப்பதற்கு ஒற்றுமை என்று பெயர் சூட்டலாகாது.

மரியாயின் சேனை 1921 செப்டம்பர் 7 அன்று டப்ளினில் தொடங்கியது. அதனை நிறுவிய பிராங்க் டஃப், அதற்கு முன்பே வின்சென்ட் தே பவுல் சபையில் பணியாற்றிப் பழகியவர். சேனையின் முறைமையை உற்று நோக்குவோம். புதியவர் குறைந்தது மூன்று மாதம் தேர்வுநிலையில் இருந்தபின்னரே வாக்குறுதி எடுக்கிறார். சந்திப்புக்கு இருவர் இருவராகச் செல்கிறார்கள். வாரக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தாம் செய்த பணியைத் தம் வாயால் எடுத்துரைக்கிறார்கள். பொருளுதவி தருவதில்லை என்பது விதி. ஆகவே ஆசை காட்டி ஆள் பிடிக்க வழியே இல்லை. புதியவர் அனுபவமுள்ளவரோடு நடந்து நடந்து கற்கிறார். இந்த ஏற்பாட்டைக் கைப்புத்தகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, முதல் நாளே பெயரெழுதி, அடுத்த வாரமே தனியாக வீடுகளுக்கு அனுப்பும் பிரசீடியம் தன் சேனையின் உயிரையே அறியவில்லை.

உலகத்தார் நமக்குக் கற்றுத்தந்தது

கோவிலுக்கு வெளியே நடந்ததையும் பார்ப்போம். எழுத்தறிவுக்காகத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுச்சேரியிலும் புதுக்கோட்டையிலும் பிற மாவட்டங்களிலும் அறிவொளி இயக்கம் நடந்தது. முதலில் கலைக்குழுக்கள் ஊர் ஊராய்ப் போய்ப் பாட்டாலும் வீதிநாடகத்தாலும் மக்கள் மனத்தைத் திறந்தன. அதனால் எழுந்து வந்த இளைஞரை அப்படியே வகுப்புக்கு அனுப்பிவிடவில்லை. கருத்தாளர்கள் அவர்களைக் கூட்டிப் பயிற்சி தந்தார்கள். வயதில் மூத்த பெண்ணை, பகலெல்லாம் களை பறித்துவிட்டு வந்தவரை, அவமானப்படுத்தாமல் எப்படி அரிக்கேன் விளக்கின் முன் உட்காரவைப்பது என்பது பயிற்சியின்றி வருமா? புதுக்கோட்டையில் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டக் கற்றதும் அந்த இயக்கத்தின் வழியேதான். கூப்பிட வந்தவருக்குக் கூப்பிடத் தெரிந்திருந்தது.

மகளிர் சுய உதவிக் குழுக்களின் கதையும் இதுவே. 1989இல் தருமபுரியில் தொடங்கிய முயற்சி தமிழகமெங்கும் பரவியது. குழுவுக்கு இருபது பேருக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைத்தார்கள். முதல் நாளே கடன் தருவதாகச் சொல்லிச் சேர்க்கவில்லை. ஆறு மாதமாவது கூடிச் சேமித்து, கணக்கெழுதிப் பழகியபின்னரே வங்கியின் கதவு. தலைவிக்குப் பயிற்சி, கணக்கெழுதுபவருக்குப் பயிற்சி, உறுப்பினருக்கும் பயிற்சி. நம் ஆலயத்தில் பின்வரிசையில் வாய்மூடி அமரும் அதே பெண், குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குக் கேட்கிறார். அங்கே பேசத் தெரிந்தவருக்கு இங்கே பேச வரவில்லை என்றால், குறை எவரிடம் உள்ளது?

பயிற்சி என்றால் என்ன?

பயிற்சி என்றதும் பேச்சாளரை அழைத்து, பதாகை கட்டி, மதிய உணவு போட்டு, குழுப் படம் எடுத்துக் கலைவது என்று எண்ணிவிட வேண்டாம். நாம் கேட்பது நான்கு மாலைப்பொழுதுகள். ஒரு மரநிழல் போதும்.

முதல் மாலையில் ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு கேள்விக்கு விடை சொல்லட்டும்: கடந்த மாதம் நம் சபை செய்தது என்ன? “செபம், தொண்டு, அன்பு” என்னும் பொதுச்சொற்கள் கூடாது. எந்தத் தெருவில் எந்த நோயாளியைப் பார்த்தோம், எந்தப் பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பினோம் என்று சொல்ல வேண்டும். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் ஆள் சேர்ப்பதை ஒத்திவைத்துவிட்டு முதலில் வேலையைத் தொடங்குவோம். வேலையில்லாத சபைக்கு ஆளெதற்கு?

இரண்டாம் மாலை, கேட்கப் பழகுவது. இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் தம் வீட்டுப் பாட்டைக் கால்மணி நேரம் சொல்ல, மற்றவர் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். பின்பு கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இது எவ்வளவு கடினம் என்பது செய்து பார்த்தால் தெரியும். நம்மவர் பலர் வீடு புகுந்ததும் செபமாலையை எடுத்துவிடுகிறார்கள். அந்த வீட்டில் மகன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் மூன்று மாதமாய்ப் பேசவில்லை என்பது கடைசிவரை தெரியாமலே எழுந்து வந்துவிடுகிறார்கள்.

மூன்றாம் மாலை, ஒத்திகை. ஒருவர் வீட்டுக்காரராக நடிக்கட்டும், இருவர் படியேறட்டும், மற்றவர் பார்க்கட்டும். வீட்டுக்காரர் கடுமையாகவே கேட்கட்டும். “எனக்கு என்ன கிடைக்கும்?” “உங்க தலைவர் போன வருசக் கணக்கக் காட்டினாரா?” “நடவு நாளுல சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கூட்டம்னா நான் எப்படி வர்றது?” இவற்றுக்கு மழுப்பாமல் விடை சொல்லப் பழக வேண்டும். முதல் கேள்விக்கு, “ஒன்றும் கிடைக்காது, வாரம் ஒரு கூட்டமும் இரண்டு மணி நேர வேலையும் உண்டு” என்று முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு வர வேண்டும். இரண்டாம் கேள்விக்குக் கணக்கேட்டைத் திறக்க வேண்டும். மூன்றாம் கேள்விக்குக் கூட்ட நேரத்தை மாற்ற வேண்டும். மாற்ற மாட்டோம் என்றால், கூலிவேலை செய்வோர் நமக்கு வேண்டாம் என்று சொல்லாமல் சொல்கிறோம்.

நான்காம் மாலை, வந்தவரோடு நடப்பது எப்படி என்பது. புதியவர் ஒவ்வொருவருக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு துணை; முதல் வாரமே ஒரு சிறு வேலை; கூட்டத்தில் அவர் பேசுமுன் எவரும் அவருக்காகப் பேசாதிருத்தல்; விலக விரும்பினால் பழிச்சொல் இன்றி அனுப்பிவைத்தல். கதவு உட்புறமாகவும் திறக்க வேண்டும், வெளிப்புறமாகவும் திறக்க வேண்டும்.

எங்கள் தெருவில் யார்?

ஒத்திகையில் கேட்கப்பட வேண்டிய கேள்வி இன்னும் ஒன்று இருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு நடத்தும் பயிற்சி வெறும் நாடகம். “உங்க சபையில எங்க தெரு ஆளு யாருண்ணே இருக்காங்க?”

அனந்தபுரத்தையும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களையும், செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களையும் அறிந்தவர்க்கு இக்கேள்வியின் கூர்மை விளங்கும். ஊர் என்றும் காலனி என்றும் நிலத்திலேயே கோடு கிழிக்கப்பட்ட மண் இது. ஒருவர் தம் உறவினரையும் தம் தெருவாரையும் மட்டுமே அழைத்தால், சபை அந்தக் கோட்டுக்குள்ளேயே பெருகும். எவரும் எவரையும் விலக்கியதாகத் தீர்மானம் எழுதியிருக்க மாட்டார்கள். ஆயினும் பதிவேட்டைப் புரட்டினால் ஒரே தெருவின் பெயர்கள் மட்டுமே இருக்கும். “ஒரு உறுப்பினர், ஒரு புதியவர்” என்னும் அந்த ஆண்டறிக்கை வாக்கியம் இங்கேதான் கொடியதாகிறது. பயிற்சியும் கண்டிப்பும் இல்லாத ஆள் சேர்ப்பு, சாதியை ஒரு வார்த்தையும் பேசாமல் வளர்க்கிறது.

இதன் முடிவு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை நம் மறைமாவட்டம் கண்டிருக்கிறது. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், ஒரே விசுவாசம் கொண்ட மக்களிடையே மோதல் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. ஆலயத்தில் பிரிந்து நின்றோம், கல்லறையில் பிரிந்து கிடந்தோம். தெருவில் குருதி சிந்திய நாளில் வியப்பது எங்ஙனம்? இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களின் ஆற்றல்பெறுதலுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டு, சாதிப் பாகுபாடு பாவமே என்று திருச்சபைக்கு நினைவூட்டியது. அறிக்கை ஆலய அலமாரியில் இருந்து பயனில்லை. அது சபைப் பதிவேட்டில் பெயர்களாக இறங்க வேண்டும்.

“அவுங்கள கூப்பிட்டா வரமாட்டாங்க” என்பது வழக்கமான சமாதானம். எத்தனை முறை படியேறிக் கூப்பிட்டீர்கள்? அவர்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தீர்களா? வந்த நாளில் எந்த இருக்கை கொடுத்தீர்கள்? பொருளாளர் பொறுப்பை எப்போதாவது கொடுத்தீர்களா, அல்லது நாற்காலி எடுத்துப் போடும் வேலையை மட்டுமா? “நம்ம ஆளுங்களே விலகிப் போயிடுவாங்க” என்பது மற்றொரு சமாதானம். சகோதரன் உள்ளே வந்ததற்காக விலகுகிறவர் எந்தச் சபையில் இருந்தார் என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது. அவர் போவதால் பதிவேட்டில் ஒரு பெயர் குறையலாம், சபை குறையாது.

ஆகவே நாம் முன்வைக்கும் முறை எளியது. அழைக்கச் செல்லும் இருவரில் ஒருவர் ஊர்த்தெருவினராகவும் மற்றவர் காலனியினராகவும் இருக்கட்டும். இருவரும் இருபுறத்து வீடுகளுக்கும் போகட்டும். அப்படி இருவரை அனுப்ப இயலாத சபை, வேறு எவரையும் அழைக்குமுன் அந்த ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும். சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் கேட்டது தண்ணீர். கொடுப்பவராக அல்ல, கேட்பவராகவே அவர் அந்தக் கிணற்றருகில் அமர்ந்தார். அந்தப் பெண் ஊருக்குள் ஓடித் தம் மக்கள் அனைவரையும் அழைத்து வந்தார். தண்ணீர் வாங்கிக் குடிக்க மனமில்லாதவர் அழைப்புப் பணிக்குத் தகுதியற்றவர் என்று சொன்னால் அது மிகையாகாது.

அன்பர்களே, மல்லாட்டை விதைக்கிறவர் பயிரை நோகுமுன் விதையைச் சோதித்துப் பார்க்கிறார். நிலத்தைப் பதம் பார்க்கிறார். சபைப் பொறுப்பாளர்கள் அடுத்த ஆண்டறிக்கையில் அந்தப் பழைய வாக்கியத்தை எழுதாதிருக்கட்டும். அதற்குப் பதிலாக மூன்று செய்திகளை வாசிக்கட்டும்: அழைப்புப் பணிக்கென எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள், அவர்கள் எந்தெந்தத் தெருக்களில் படியேறினார்கள், சென்ற ஆண்டு வந்தவர்களுள் எத்தனை பேர் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். இம்மூன்றுக்கும் விடை சொல்லக்கூடிய சபை சிறியதாயினும் உயிருள்ளது. சொல்ல இயலாத சபை, இந்த மாதமே நான்கு மாலைப்பொழுதுகளை ஒதுக்கட்டும்.